கவரி மாவும் தெருநாயும்

திருக்குறளின் மானம் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது இரண்டு இடங்களில் சிரிப்பொலி எழும். பின்வரிசையில் தொடங்கி முன்வரிசைவரை வந்து, ஆசிரியர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடும். இரண்டு இடங்களிலும் காரணம் ஒன்றே. மயிர் என்ற சொல். வள்ளுவர் கூச்சமின்றி எழுதிய சொல் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் எப்படியோ வசைச்சொல்லாகிவிட்டது. முடிதிருத்தகத்தில் அது முடி. எண்ணெய் விளம்பரத்தில் கூந்தல் அல்லது கேசம். விலங்கின் உடம்பில் இருந்தால் ரோமம். மயிர் மட்டும் தெருச்சண்டைக்குப் போய்விட்டது. ஆண்டுதோறும் இந்தச் சிரிப்பைக் கேட்டுப் பழகிய நமக்கு அதில் வருத்தமொன்றும் இல்லை. வியப்பளிப்பது வேறொன்று. ஒரே அதிகாரத்துக்குள் உதிர்ந்த மயிரை வள்ளுவர் இருமுறை உவமையாக எடுக்கிறார். இருமுறையும் வெவ்வேறு திசையில்.

964-ஆம் குறளில், தம் நிலையிலிருந்து தாழ்ந்த மாந்தர் தலையிலிருந்து விழுந்த மயிருக்கு ஒப்பாகிறார்கள். அங்கே இழப்பு மயிருக்குத்தான். தலைக்கு ஒன்றும் நேர்வதில்லை. 969-ஆம் குறளிலோ மயிரை இழந்தால் கவரி மா உயிர் வாழாது. அங்கே இழப்பு உடலுக்கு. மனிதத் தலையிலிருந்து விழுந்தால் அது குப்பை; விலங்கின் மேலிருந்து போனால் உயிரே போகிறது. மயிர் என்பது மனிதனுக்கு அழகு, விலங்குக்கு வாழ்வு என்ற வேறுபாட்டை இந்த இரு குறள்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது உணர முடியும். ஆனால் நம் மரபு இரண்டாவது குறளைப் படித்த விதம் வேறு.

கவரிமான் என்றொரு மான் உண்டு, அதன் உடம்பிலிருந்து ஒரு மயிர் உதிர்ந்தாலும் மானம் தாங்காமல் உயிரை விட்டுவிடும் என்பது தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் கேட்டு வளரும் கதை. மேடைப் பேச்சாளர்கள் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத தேர்தல் இல்லை. 1979-இல் சிவாஜி கணேசன் நடித்து இதே பெயரில் ஒரு திரைப்படமும் வந்தது. மானம் என்ற சொல்லுக்குள்ளேயே மான் ஒளிந்திருப்பது இந்தக் கதைக்குப் பெருந்துணை செய்திருக்கிறது என்பது நம் எண்ணம். ஆனால் குறளில் இருப்பது மான் அன்று; மா. மா என்றால் விலங்கு. கவரி என்னும் விலங்கு எங்கே வாழ்ந்தது என்பதையும் நம் பழம்பாடல்களே சொல்லிவிடுகின்றன. புறநானூற்றின் 132-ஆம் பாட்டில் முடமோசியார் அதை இமயத்தில் வைத்துப் பாடுகிறார். மணமுள்ள புல்லை மேய்ந்து, சுனைநீர் பருகி, தகர மர நிழலில் துணையோடு தங்கும் விலங்காக. பதிற்றுப்பத்தின் 11-ஆம் பாட்டில் குமட்டூர்க் கண்ணனாரின் கவரி இன்னும் ஒருபடி மேல். முருக்கமரம் அடர்ந்த மலைச்சரிவில் உறங்கிக்கொண்டே அருவியையும் நரந்தம்புல்லையும் கனவு காண்கிறது. மாடு கனவு காண்பதாக எழுதிய புலவரை எப்படி வணங்குவதென்று தெரியவில்லை. இமயத்தில் வாழும், நீண்ட மயிருடைய, புல் மேயும் அந்த மா இன்று நாம் யாக் என்று சொல்லும் மாடுதான். அதன் வால்மயிரில் செய்ததே சாமரம். கவரி வீசுதல் என்று நாம் சொல்வதும் அதைத்தான்.

சரி, ஒரு மயிர் உதிர்ந்தாலே சாகும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? குறளில் ஒன்று என்ற எண்ணே இல்லை. மயிரை நீத்தால் என்றுதான் இருக்கிறது. அந்த ‘ஒரு மயிர்’ பரிமேலழகர் உரையில் இருக்கிறது. உரையாசிரியர் இதைத் தாமே புனைந்தார் என்று சொல்லிவிட முடியாது. கவரி தன் மயிரை உயிரினும் மேலாகக் காக்கும் என்பது இந்தியா முழுவதும் வழங்கிய நம்பிக்கை. பாலி மொழியின் புத்தவம்சத்தில் ஒழுக்கத்தைக் காப்பதற்கு இதே விலங்கு உவமையாகிறது. வால்மயிர் எதிலோ சிக்கிக்கொண்டால், அதை அறுத்துக்கொண்டு ஓடாமல் அங்கேயே நின்று மடியுமாம். கவனியுங்கள், அங்கேயும் தற்கொலை இல்லை. சிக்கிக்கொண்ட விலங்கொன்று இருக்கிறது, அவ்வளவே. காளிதாசனின் மேகதூதத்தில் காட்டுத்தீயின் பொறி பட்டுக் கவரிகளின் வால்மயிர் கருகுகிறது. காளிதாசன் அதைப் பார்த்து மானத்தைப் பற்றிப் பேசவில்லை; மழை பெய்து தீயை அணைத்துவிட்டுப் போ என்று மேகத்திடம் கேட்கிறான். இந்த மூவரில் நம் மனம் சாய்வது காளிதாசன் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

யாக் என்னும் மாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, குறள் ஒரு பக்கம் உறுதிப்படுகிறது. கதை மறுபக்கம் உதிர்ந்துபோகிறது. அதற்கு இரண்டு அடுக்கு மயிர் உண்டு. வெளியே தரைவரை தொங்கும் முரட்டு மயிர். உள்ளே தோலை ஒட்டி மென்மையான கம்பளி. வெளியடுக்கு பனியையும் காற்றையும் தடுக்கும். உள்ளடுக்கு உடற்சூட்டைப் பிடித்துவைக்கும். வியர்த்துக் குளிரும் வாய்ப்பும் அதற்கு மிகக் குறைவு. சூட்டை வெளியே விடாமல் வைத்திருப்பதற்கென்றே அமைந்த உடல் அது. பூச்சியம் பாகைக்குக் கீழே 40 வரை இறங்கும் குளிரில் அந்த மாடு நிற்கிறதென்றால் அந்த இரண்டு அடுக்கினால்தான். அதை மழித்துவிட்டால் மானம் போவதற்கு முன்பே உயிர் போய்விடும். வள்ளுவர் சொன்னது இயற்கை உண்மை.

ஆனால் அந்த உள்ளடுக்குக் கம்பளி ஆண்டுதோறும் உதிர்கிறது! குளிர்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் திட்டுத் திட்டாகப் பிரிந்து தொங்கும். இடையர்கள் அதைச் சீவியும் பிடுங்கியும் எடுத்து நூற்கிறார்கள். நீண்ட வெளிமயிரைத் திரித்துக் கயிறாக்குகிறார்கள். திபெத்திய நாடோடிகளின் கருங்கூடாரம் அந்த மயிரில் நெய்ததுதான். கவரி மா ஒவ்வோர் ஆண்டும் கொத்துக்கொத்தாக மயிர் நீத்து, அதன் பிறகும் மேய்ந்துகொண்டிருக்கிறது; அடுத்த குளிருக்குள் புதுக் கம்பளி வளர்ந்துவிடுகிறது. உதிராத பழைய மயிரோடு கோடையைக் கடக்கச் சொன்னால்தான் அதற்குத் துன்பம்.

கவரி சாவதற்கு வேறு காரணங்கள் உண்டு. 2018 டிசம்பரில் தொடங்கிய கடும் பனிப்பொழிவில் வடக்குச் சிக்கிமின் மேய்ச்சல் நிலங்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. 2019 மே மாதத்தில் முகுத்தாங், யும்தாங் பகுதிகளிலிருந்து செய்தி வந்தபோது, குறைந்தது 300 யாக்குகள் இறந்துகிடந்தன. மயிர் இருந்தது. புல்தான் இல்லை. நரந்தம்புல்லைக் கனவு கண்ட கவரியின் வழித்தோன்றல்கள் பட்டினியில் செத்த அந்தச் செய்தி நம் நாளிதழ்களில் ஒரு சிறு பத்தியாக வந்து போயிற்று. எந்த மேடையிலும் எவரும் அதைக் கவரிமான் என்று சொல்லி நினைவுகூர்ந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

விலங்குகளின் உடம்பிலிருந்து மயிரும் இறகும் உதிர்வதைப் பற்றி எண்ணத் தொடங்கியது இதன் பிறகுதான். உதிர்தல் என்றாலே இழப்பு, மூப்பு, அவமானம் என்று படிக்கப் பழகிய மனத்துக்கு இயற்கையின் கணக்கு சற்று விலகியே இருக்கிறது. உதிர்வதற்கு நாள்காட்டி உண்டு. பகற்பொழுதின் நீளத்தைக் கண் அளக்கிறது. அதற்கேற்ப மெலடோனின், புரோலாக்டின் முதலிய சுரப்புகள் கூடிக் குறைகின்றன. மயிர்க்கால்கள் அதைக் கேட்டு நடக்கின்றன. பறவைகளுக்கு இது இன்னும் கட்டாயம். வளர்ந்து முடிந்த இறகில் உயிரில்லை. நம் நகத்தைப் போல அதுவும் கெரட்டின்தான். வெயிலிலும் உராய்விலும் நைந்துபோனால் அதைத் தைக்கவோ ஒட்டவோ வழியில்லை. எனவே அடியிலிருந்து புது இறகு முளைத்து, பழையதை வெளியே தள்ளுகிறது. முளைக்கும் இறகு ஓர் உறைக்குள் இருக்கும். அதில் இரத்தம் ஓடும். முற்றியதும் இரத்தம் வற்றி, உறை பொடிந்து, இறகு விரியும்.

பறக்கும் பறவைகள் பலவும் இதை எத்தனை கவனமாகச் செய்கின்றன! இடச்சிறகில் ஓர் இறகு விழுந்தால் வலச்சிறகில் அதற்கு இணையான இறகும் ஏறக்குறைய அதே நேரத்தில் விழும். அடுத்த இணை விழுவதற்குள் முந்தையது வளர்ந்து வந்துவிடும். பறப்பு நிற்காது. வாத்துகளுக்கு இந்தப் பொறுமை கிடையாது. சிறகின் பறப்பிறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டுச் சில வாரங்கள் பறக்க முடியாமல் நாணலுக்குள் ஒளிந்து வாழ்கின்றன. பென்குவின்கள் உடம்பு முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றிக்கொள்கின்றன. அத்தனை வாரங்களும் நீர் புகாத மேலாடை இல்லாததால் கடலில் இறங்க முடியாது. கடலில் இறங்காமல் மீனும் இல்லை. முன்கூட்டியே தின்று கொழுத்த உடம்பைக் கரைத்தபடி கரையில் நின்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் எடுத்த படங்களைப் பார்த்தால் கிழிந்த கம்பளி போர்த்திய முதியவர்கள் பேருந்துக்குக் காத்திருப்பதுபோல் தோன்றும்.

மயிலுக்கு வருவோம். தோகை என்று நாம் சொல்வது உண்மையில் அதன் வால் அன்று. வாலின் மேல்மூடியாக வளரும் இறகுகள். ஏறத்தாழ 150 இருக்கும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அத்தனையும் உதிர்ந்துவிடும். தோகையில்லாத ஆண்மயில் தோட்டத்து வேலியோரம் நடப்பதைப் பார்த்திருக்கிறோம். கழுத்தின் நீலம் மட்டும் மாறாமல், திருவிழா முடிந்து பந்தல் பிரித்த திடலைப் போலிருந்தது. பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த கதையைக் கொடைமடம் என்று நடத்துகிறோம். குளிரால் நடுங்குகிறது என்று அவன் எண்ணிய மயில், ஒருவேளை இப்படித் தோகை உதிர்த்த மயிலாக இருந்திருந்தால்? பாட்டில் அப்படி இல்லை. சும்மா ஓர் ஆசை.

உதிர்ந்த பீலிக்கு நம் மரபில் பெருமதிப்பு. நடுகல்லுக்கு அதைச் சூட்டினார்கள். போர்க்கருவிகளுக்கு அணிவித்தார்கள். சமண முனிவர்கள் உயிர்களுக்கு ஊறு நேராமல் தரையைப் பெருக்கப் பீலிக்கற்றையைக் கையில் வைத்திருந்தார்கள், இன்றும் திகம்பரர் வைத்திருக்கிறார்கள். அச்சு முறியும் அளவுக்குப் பீலியை வண்டியில் ஏற்றுவதைப் பற்றி வள்ளுவர் 475-ஆம் குறளில் சொல்வதால், வண்டி வண்டியாகப் பீலி போய்வந்த காட்சி அவர் காலத்தவர்க்கு அயலாக இருந்திருக்காது என்றே தோன்றுகிறது. நம் தலைமுறைக்கு அது புத்தகத்துக்குள் குட்டி போடும் பொருள். அரிசி வைத்தோம், பென்சில் சீவலை வைத்தோம், தினமும் திறந்து பார்த்தோம்.

மயில் 1963-இல் தேசியப் பறவையாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உயர்ந்த காவல் தந்தது. அதே சட்டம் தோகை இறகுக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்தது. தானாக உதிர்வதைப் பொறுக்குவதில் தீங்கில்லை என்பது அதன் கருத்து. விலக்கு இருக்கும் இடத்தில் திருட்டும் இருக்கும் அல்லவா? பொறுக்கியதா, கொன்று பிடுங்கியதா என்பதை எப்படி அறிவது? இறகின் அடித்தண்டைப் பார்க்கிறார்கள். தானே உதிர்ந்ததில் தண்டின் நுனி காய்ந்து தூய்மையாக இருக்கும். பிடுங்கியதில் இரத்தத்தின் சுவடு ஒட்டியிருக்கும். நுனியை வெட்டி எறிந்திருந்தால் அந்த வெட்டே ஐயத்துக்கு இடம் தரும். உதிர்ந்ததற்கும் பறித்ததற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் இறகு தன் நுனியில் எழுதி வைத்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து, சந்தையில் பீலி விற்பவரைக் கண்டால் கண் தானாகத் தண்டின் நுனிக்குப் போகிறது.

பறித்தல் எப்போதும் கையால்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. கூண்டில் தனியே அடைபட்ட கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். நோயும் காரணமாகலாம், செய்வதற்கு ஒன்றுமில்லாத நாளும் காரணமாகலாம். மருத்துவர்கள் முதலில் தலையைப் பார்ப்பார்களாம். மார்பும் தொடையும் மொட்டையாக இருந்து தலையிறகு மட்டும் குலையாமல் இருந்தால், அது தன் அலகாலேயே பிடுங்கியது என்று ஊகிப்பார்கள். தன் தலைக்குத் தன் அலகு எட்டாது. (பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972 சட்டத்தின்படி குற்றம் என்பதை நம் தெருக்கள் இன்னும் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.)

இவற்றையெல்லாம்விட நம் உறக்கத்தைக் கெடுத்தது முட்டைக்கோழி. கோழிக்கும் இயற்கையில் ஆண்டுக்கொரு முறை இறகுதிர் காலம் உண்டு. பகல் குறையும்போது வரும். அப்போது முட்டை நின்றுவிடும். உடம்பு தன் ஆற்றலைப் புது இறகுக்குத் திருப்பிக்கொள்ளும். ஓய்வு முடிந்து மறுபடி இடத் தொடங்கும்போது முட்டை முன்னிலும் பெரிதாக, ஓடு உறுதியாக இருக்கும். இதைக் கண்டுகொண்ட தொழிலறிவு ஒரு குறுக்குவழி கண்டது. முட்டை குறையத் தொடங்கிய ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒரே நேரத்தில் தீனியை நிறுத்திவிடுவது. விளக்கையும் குறைத்துவிடுவது. ஒரு வாரம், பத்து நாள், சில இடங்களில் இரண்டு வாரம். உடல் எடையில் கால்பங்கும் அதற்கு மேலும் கரைந்து, இறகு கொட்டி, கருப்பை சுருங்கிப்போன பின் தீனி திரும்ப வரும். புது இறகு முளைக்கும். இரண்டாம் சுற்று முட்டை தொடங்கும். புதுக் குஞ்சு வாங்கி வளர்க்கும் செலவு மிச்சம். உலகெங்கும் பெரும் பண்ணைகள் கையாண்ட முறைதான் இது. பட்டினி போட்டு இறகுதிரச் செய்வதைக் கைவிட வேண்டும் என்று இந்திய விலங்குநல வாரியம் 2011-இல் பண்ணைகளுக்கு அறிவுறுத்தியது. போதிய உணவு தராதிருப்பதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் முன்பே குற்றமென்று சொல்லியிருக்கிறது. தீனியை நிறுத்தாமல் சத்தை மட்டும் குறைத்துத் தரும் முறைகளும் உண்டு. இதில் நாம் கோழிப்பண்ணையாளரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் துணியவில்லை. நாமக்கல் முட்டை வாராவாரம் நம் வீட்டுக்கும் வருகிறது. விலை ஐம்பது காசு ஏறினால் நாமும் முணுமுணுக்கிறோம். ஆனால் ஓர் உடம்பின் ஓய்வுக்காலத்தைப் பட்டினியால் வரவழைக்க முடியும் என்று முதன்முதலாக எண்ணியவனின் மூளை எப்படி வேலை செய்திருக்கும் என்பதை நினைத்தால், இலக்கியத்தில் நாம் கொடுமை என்று பாடம் நடத்துபவை பலவும் மெல்லியனவாகத் தோன்றுகின்றன.

இனி, எங்கள் தெருவின் நாய்.

அதற்குப் பிள்ளைகள் மொட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். காதோரத்திலும் முழங்காலிலும் முதலில் மயிர் போயிற்று. பிறகு வயிறு, பிறகு முதுகு. ஐப்பசி மழை முடிவதற்குள் யானைத்தோல் போல மடிப்பு விழுந்து, சாம்பல் நிறமாகி, சொறிந்த இடங்களில் நீர் வடியத் தொடங்கிவிட்டது. எந்நேரமும் சொறிந்தது. சொறிவதற்காகவே விழித்திருந்தது. சொறிநாய் என்பது தமிழில் விலங்கின் பெயரில் வழங்கும் வசைகளில் மிகக் கடுமையானது. அந்தச் சொல் ஒரு நாயின் மேல் விழுந்துவிட்டால் அதற்கு எதையும் செய்யலாம் என்ற உரிமை எல்லோருக்கும் வந்துவிடுகிறது. கடைக்காரர் கொதிநீரை ஊற்றினார். யாரோ வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை அதன் முதுகில் பூசிவிட்டுப் போனார்; அவர் நினைப்பில் அது மருந்து. நம் ஊர்களில் இந்த வைத்தியம் பரவலாக உண்டு. உண்ணி திணறும் என்பது கணக்கு. நாய் அதை நக்கும், நஞ்சு வயிற்றுக்குள் போகும், தோல் இன்னும் வேகும் என்பது கணக்கில் சேர்வதில்லை. குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு பெரியவர், “பாக்கவே அருவருப்பா இருக்கு. பிள்ளைங்க நடமாடற தெரு. வண்டியில ஏத்தி எங்கயாவது விட்டுட்டு வரச் சொல்லுங்க” என்றார். நால்வர் தலையசைத்தார்கள்.

எங்கள் வீட்டில் அதைப் பற்றி முதலில் பேசியவர் அம்மா. மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். கோலம் போடப் போனவர் திரும்பி வந்து, “பாவம்டா, அதுக்குக் குளிருது” என்றார். நோய் என்றோ அருவருப்பு என்றோ சொல்லவில்லை. குளிருது என்றார். உரை ஒன்றும் படித்தவரில்லை அவர். வாசல் திண்ணையின் ஓரத்தில் ஒரு கோணிப்பையை மடித்துப் போட்டார். அன்றிரவு அது அதில் வந்து படுத்தது. காலையில் அந்தக் கோணியைக் கொளுத்த வேண்டும் என்று அடுத்த வீட்டிலிருந்து குரல் வந்தது. அம்மா இன்னொரு கோணியைப் போட்டார்.

அரசுக் கால்நடை மருந்தகத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். இரண்டு ஆட்டோக்கள் நாயைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டன. மூன்றாமவர் கூடுதலாக ஐம்பது ரூபாய் கேட்டு ஏற்றிக்கொண்டார். மருத்துவர் இளம்பெண். அதன் காதுமடலை இரண்டு விரலுக்கிடையில் வைத்து இலேசாகத் தேய்த்தார். உடனே பின்னங்கால் தானாகக் காற்றில் சொறியத் தொடங்கியது. “பாத்தீங்களா சார், இதுவே பாதி பதில்” என்றார். பிறகு தோலை மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்து, எங்களையும் பார்க்கச் சொன்னார். வட்டமாக, கட்டைக் கால்களோடு ஏதோ ஒன்று நகர்ந்தது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர். சார்கோப்டிஸ் என்று பெயர். பெண் உண்ணி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிட்டுக்கொண்டே போகும். மனிதருக்கு வரும் சிரங்கும் இதே இனத்து உண்ணியின் வேறொரு வகையால் வருவதுதான். நாயினுடையது நம் மேல் ஏறினால் சில நாள் அரிக்கும். ஆனால் நம் தோலில் அதற்கு வமிசம் தழைக்காது. “மேல எதை ஊத்தினாலும் பிரயோஜனமில்ல சார். உள்ள வீடு கட்டிக் குடியிருக்கு” என்றார் மருத்துவர்.

ஐவர்மெக்டின் ஊசி போட்டார். முட்டையிலிருந்து புது உண்ணி வளர்ந்து வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடி, அதன்பின் மறுபடி. கோலி வகை நாய்களுக்கு மட்டும் இந்த மருந்து ஆபத்து, நம் தெருநாய்க்குப் பயமில்லை என்றார். (இப்போது மென்று தின்னும் மாத்திரைகளும் வந்துவிட்டன, விலைதான் சற்று அதிகம்.) வீட்டுக்கு வந்து அந்த மருந்தைப் பற்றித் தேடிப் படித்தோம். ஜப்பானின் ஒரு பிடி மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரில் தொடங்கியது அதன் கதை. ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-இல் நோபல் பரிசு. மனிதர்களின் கண்ணைப் பறித்த ஆற்றுக்குருட்டு நோயைத் தடுத்த மருந்து அது. எங்கள் மொட்டைக்குப் போட்ட மூன்று ஊசிக்கும் ஆன செலவு, போகவர ஆட்டோவுக்கு ஆனதைவிடக் குறைவு.

மூன்றாம் வாரத்தில் சொறிவது நின்றது. அதைவிட, உறங்கத் தொடங்கியது. பகலெல்லாம், பிறர் கால் பட்டாலும் தெரியாமல் அப்படியோர் உறக்கம். எத்தனை மாதக் கடனோ. தை முடியும்போது தோலில் பூஞ்சை படிந்தாற்போல ஒரு மெல்லிய நிழல் தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் மயிர். மாசியில்தான் நிறம் தெரிந்தது. நல்ல செம்பழுப்பு, நான்கு பாதமும் மார்பும் வெள்ளை. எங்கள் தெருவில் யாருக்கும் அது என்ன நிறத்து நாய் என்று அதுவரை தெரிந்திருக்கவில்லை. வண்டியில் ஏற்றி விடச் சொன்ன பெரியவர் ஒருநாள் மாலை நடையில் எங்கள் வாசலில் நின்றார். நாய் வாலை ஆட்டியது.

“அந்தச் சொறிநாய் போயிருச்சா சார்? நல்லதாப் போச்சு. இது யாருது, லட்சணமா இருக்கே?”

அதே நாய்தான் என்றோம்.

“சும்மா சொல்லாதீங்க. அது வேற” என்று சொல்லி நடந்தார்.

பிள்ளைகள் பெயரை மாற்றவில்லை. உடம்பெல்லாம் மயிரோடு மொட்டை என்ற பெயரில் திரிகிறது. எஞ்சின் ஆயில் பட்ட இடத்தில், முதுகில் ஓர் உள்ளங்கையகலத்துக்கு இன்னும் முளைக்கவில்லை. மயிர்க்காலே வெந்துபோயிருந்தால் இனி வராது என்றார் மருத்துவர். சென்ற வாரம் பால்காரர் வீட்டுப் பக்கமிருந்து ஒரு குட்டி வந்தது. காதோரம் மயிர் இல்லை. காதுமடலைத் தேய்த்துப் பார்த்தோம், பின்னங்கால் எழுந்தது. திங்கட்கிழமை மருந்தகம் திறக்கும்.